சின்னப் புகைபோக்கிகளின் கதை

சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். சேமிப்பு, உழைப்பு, படிப்பு என்று நல்ல காரியங்களுக்குத்தான் இந்தப் பழமொழியைச் சொல்வது வழக்கம். ஆனால் காற்று மாசுக்கும் இது அப்படியே பொருந்தும். ஒரு பெரிய ஆலையின் புகைபோக்கி எல்லோர் கண்ணிலும் படும். அதை எதிர்த்துப் போராடுவார்கள், வழக்குப் போடுவார்கள், சட்டமும் வரும். ஆனால் தெருமுனையில் இருக்கும் சலவைக் கடை, ரொட்டி சுடும் பேக்கரி, பெட்ரோல் பங்க், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்பு? இவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆயிரம், பத்தாயிரம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இந்தச் சிறியவற்றை என்ன செய்வது என்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ். ஹாலிவுட் இருக்கும் அதே ஊர்தான். காற்று மாசுக்கான உள்ளூர் அனுமதி விதிகள் அங்கே எப்படிப் பிறந்தன, எப்படி மாறின, ஒவ்வொரு மாற்றத்திலும் யார் அடிபட்டார்கள் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எல்லாம் தொடங்கிய நாள்

1943ம் ஆண்டு ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையப்பகுதியில் திடீரென்று அடர்ந்த புகைமூட்டம் கவிந்தது. மூன்று தெரு தள்ளி என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

பழி முதலில் விழுந்தது ஒரு ஆலையின் மேல். அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்கு வேண்டிய பியூட்டாடீன் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. மக்கள் கோபத்தில் அந்த ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஆனால் புகைமூட்டம் போகவில்லை! குற்றவாளி ஒருவன் அல்ல, பலர் என்ற பாடத்தை அந்த நகரம் கற்றுக்கொண்டது இப்படித்தான். ஆனாலும் அந்தப் பாடம் மனதில் பதிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அனுமதி என்ற யோசனை

அதுவரை இருந்த நடைமுறை எளிமையானது. யாராவது அளவுக்கு மீறிப் புகை விட்டால் அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள். அதிகாரி வந்து பார்ப்பார். 'இந்தப் புகை தொல்லை தருகிறது' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதாவது புகை முதலில், சட்டம் பிறகு. இன்னொரு சிக்கலும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி தன் எல்லைக்குள் என்ன விதி போட்டாலும், எல்லையைத் தாண்டிப் பக்கத்து நகராட்சியில் இருக்கும் ஆலையை அது ஒன்றும் செய்ய முடியாது. காற்றுக்கு எல்லைக்கோடு தெரியாதே.

1947ல் கலிபோர்னியா கவர்னர் ஏர்ல் வாரன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கவுண்டி முழுவதற்கும் ஒரே காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம் அமைக்க அந்தச் சட்டம் வழி செய்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அப்படி ஒரு அமைப்பு உருவானது. அமெரிக்காவிலேயே இந்த மாதிரியான முதல் அமைப்பு இதுதான். லூயிஸ் மெக்கேப் என்பவர் அதன் முதல் இயக்குநர்.

அந்த அமைப்பின் கையில் இருந்த முக்கிய ஆயுதம்தான் அனுமதி. புகை விடக்கூடிய ஒரு கருவியை நிறுவ வேண்டுமானால் முதலில் கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். கட்டி முடித்தபின் சோதனை நடக்கும். அதன்பிறகு இயக்குவதற்குத் தனி அனுமதி. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பெரிய தலைகீழ் மாற்றம் ஒளிந்திருக்கிறது. முன்பு 'இது தொல்லை' என்று அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. இனி 'இது தொல்லை தராது' என்று முதலாளி முன்கூட்டியே காட்ட வேண்டும். இன்று உலகின் பல நாடுகளில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு அனுமதிகளின் அடிப்படையும் இதுதான்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், வார்ப்படச் சாலைகள், திறந்த குப்பைமேடுகள் என்று பெரியவை எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வரத் தொடங்கின. ஆனாலும் புகைமூட்டம் குறைந்தபாடில்லை. 1955ல் அங்கே காற்றில் ஓசோன் பத்து லட்சத்தில் 0.68 பங்கு வரை போனது.

ஓசோனா? அது வானத்தில் உயரத்தில் இருந்து நம்மைக் காப்பது ஆயிற்றே என்று தோன்றலாம். உயரத்தில் இருந்தால் கவசம், மூக்குக்கு அருகில் இருந்தால் விஷம். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக் கல்வி நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியல் அறிஞர் இவர். பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்களும் எரிதலில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார்.

இந்தக் கண்டுபிடிப்பு விதிகளின் போக்கையே மாற்றியது. கரும்புகை விடுபவன் மட்டுமே குற்றவாளி என்ற எண்ணம் உடைந்தது. கண்ணுக்கே தெரியாத ஆவியை வெளியிடும் பெயிண்ட் டப்பா முதல் பெட்ரோல் பங்க் வரை எல்லாமே கணக்கில் வந்துவிட்டன.

கொல்லைப்புற அடுப்பு

அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வீடுகளின் பின்புறம் குப்பை எரிக்கும் அடுப்பு ஒன்று இருக்கும். காகிதம், சருகு, அட்டைப்பெட்டி எல்லாம் அதில் போகும். இப்படி லட்சக்கணக்கான அடுப்புகள். காலையில் ஊரே புகைந்தது. எண்ணெய் ஆலைக்காரர்கள் "எங்களை மட்டும் பிடிக்கிறீர்களே, அங்கே பாருங்கள்" என்று சொல்ல இது வசதியாகவும் போயிற்று.

ஆலைக்குக் கொடுப்பது போல ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் அனுமதி கொடுத்து, சோதனை போட்டு, கண்காணிக்க முடியுமா? முடியாது. அத்தனை அதிகாரிகளுக்கு எங்கே போவது? 1953ல் ஆர்னால்டு பெக்மன் தலைமையிலான குழு கொடுத்த பரிந்துரைகளில் குப்பை எரிப்பதற்குத் தடை விதிப்பதும் ஒன்று. மக்கள் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பையை அள்ள இனி யார் வருவார்கள், அதற்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இழுபறிக்குப் பின் 1957 அக்டோபர் 1 முதல் வீட்டு அடுப்புகள் தடை செய்யப்பட்டன. தடையோடு குப்பை அள்ளும் ஏற்பாடும் சேர்ந்து வந்ததால்தான் அது நிலைத்தது.

சிறிய மாசைக் கையாள அந்த ஊர் கண்ட முதல் வழி இது: அனுமதி இல்லை, நேரடித் தடை. ஆனால் தடை விதித்தால் மாற்று வழியும் காட்ட வேண்டும்.

எது சிறியது?

கார்களின் புகை உள்ளூர் அமைப்பின் கையில் இல்லாமல் மாநிலத்தின் கைக்குப் போனது. 1967ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் உருவாகி, ஹாகன்-ஸ்மிட் அதன் முதல் தலைவரானார். 1970ல் நாடு முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் வலுவாக்கப்பட்டது. 1977ல் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு, ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ ஆகிய நான்கு கவுண்டிகளை இணைத்துத் தென்கடற்கரைக் காற்றுத்தர மேலாண்மை மாவட்டம் தொடங்கியது. நிலையான இடத்தில் இருந்து வரும் மாசு இதன் பொறுப்பு.

இங்கேதான் ஒரு சுவையான கேள்வி வருகிறது. எது பெரியது, எது சிறியது என்று யார் முடிவு செய்வது?

1990ல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒரு விடை சொன்னது. பொதுவாக ஆண்டுக்கு 100 டன் மாசு வெளியிடக்கூடிய இடம் 'பெரியது'. ஆனால் ஓசோன் அதிகம் உள்ள ஊர்களில் இந்த அளவு படிப்படியாகக் குறையும். நிலை கடுமை என்றால் 50 டன், அதைவிட மோசம் என்றால் 25 டன், மிக மிக மோசம் என்றால் வெறும் 10 டன். அந்தக் கடைசிப் பிரிவில் முதலில் வைக்கப்பட்ட ஒரே இடம் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம்தான்!

அதாவது ஒரு தொழிற்கூடம் பெரியதா சிறியதா என்பது அதன் அளவை மட்டும் பொறுத்தது அல்ல, அது இருக்கும் ஊரின் காற்றையும் பொறுத்தது. சுத்தமான ஊரில் 'சிறியது' என்று கண்டுகொள்ளாமல் விடப்படும் அதே பட்டறை, லாஸ் ஏஞ்சலஸில் 'பெரியது' ஆகிவிடும். ஏற்கெனவே நிரம்பிய பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் வழியும் அல்லவா? அதே கணக்குத்தான். அதே திருத்தத்தில் சிறு தொழில்களுக்கு விதிகளைப் புரியவைத்து உதவும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு மாநிலமும் நடத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத கடைக்காரரும் இனி வலைக்குள் வருவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேக்கரியும் பார்பிக்யூவும்

10 டன்னுக்கும் கீழே இருப்பவர்கள் கதை இன்னும் வேடிக்கையானது. தென்கடற்கரை மாவட்டம் 1989ல் ஒரு பெரிய திட்டம் போட்டது. பெரிய ஆலைகளில் கிடைத்ததை எல்லாம் கறந்தாகிவிட்டது, இனி சின்னவற்றைத் தேடித்தான் ஆகவேண்டும் என்ற நிலை.

பேக்கரி அடுப்புகள் பட்டியலில் வந்தன. ரொட்டி மாவு ஈஸ்டால் புளிக்கும்போது எத்தனால் உண்டாகிறது. சுடும்போது அது ஆவியாகிறது. எல்லோரும் நின்று முகர்ந்து ரசிக்கும் அந்த மணத்தோடு சேர்ந்து வருவது ஓசோனுக்கு மூலப்பொருள்! பெரிய பேக்கரிகளுக்கு 1991ல் விதி வந்தது.

அதைவிடப் பெரிய கூச்சல் கிளம்பியது பார்பிக்யூ கரியைப் பற்றவைக்கும் திரவத்துக்கு விதி வந்தபோது. சனி ஞாயிறுகளில் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுடுவது அமெரிக்கர்களின் கலாசாரத்தில் ஊறிப்போன ஒன்று. 'அதில் கூடவா அரசு கை வைக்கும்?' என்று கேலி பறந்தது. ஆனால் மாவட்டம் வீட்டுக்காரர் யாரிடமும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. 1990ல் கொண்டுவந்த விதி, திரவத்தைத் தயாரிப்பவர்களைப் பிடித்தது. ஒருமுறை பற்றவைத்தால் 0.02 பவுண்டுக்கு மேல் ஆவி வரக்கூடாது, வந்தால் விற்கக்கூடாது. நிறுவனங்கள் தயாரிப்பை மாற்றிக்கொண்டன. பார்பிக்யூ இன்றும் நடக்கிறது.

இது இரண்டாவது வழி: லட்சம் பேரைத் துரத்துவதைவிட, அவர்களுக்குப் பொருள் விற்கும் பத்துப் பேரைப் பிடிப்பது சுலபம். வீட்டு வெந்நீர்க் கருவிகளுக்கு 1978லேயே இதே முறையில் விதி வந்திருந்தது. பெயிண்ட்களுக்கும் இதே முறைதான்.

மூன்றாவது வழி, பதிவு. எந்தக் கருவிக்கு எழுத்து மூலமான அனுமதி தேவையில்லை என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. இதை விதி 219 என்பார்கள். உதாரணமாக, இயற்கை எரிவாயுவில் மட்டும் ஓடும் கொதிகலன் மணிக்கு 20 லட்சம் பி.டி.யு. வெப்பத்துக்கு மேல் போகாவிட்டால் அனுமதி வேண்டாம். நல்லது, ஆனால் அப்படிப்பட்ட கொதிகலன்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? அனுமதி இல்லை என்றால் கணக்கும் இல்லை. அதனால் 1998ல் விதி 222 வந்தது. மணிக்கு 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள கொதிகலன், உணவகங்களில் இறைச்சி வாட்டும் அடுப்பு போன்றவற்றின் உரிமையாளர்கள் முழு அனுமதி வாங்க வேண்டாம், விவரங்களைப் பதிவு செய்தால் போதும். செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு, அரசுக்குக் கணக்கும் கிடைக்கும்.

இந்த விலக்குப் பட்டியல் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் எழுத்தர் வேலை போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு எண்ணை மாற்றினால் நூற்றுக்கணக்கான கடைகள் ஒரே நாளில் உள்ளே வரலாம், அல்லது வெளியே போகலாம்.

சலவைக் கடைக்காரரும் மாடி வீட்டுக்காரரும்

சிறியவர்களுக்கு விதி போடுவதில் உள்ள வலி அதிகமாகத் தெரிந்தது டிரை கிளீனிங் கடைகள் விஷயத்தில். இந்தக் கடைகளில் துணி வெளுக்கப் பயன்பட்டது பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவம். சுருக்கமாக 'பெர்க்'. அழுக்கை அருமையாக எடுக்கும், தீப்பிடிக்காது. ஆனால் அது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ல் வகைப்படுத்தியது. நிலத்தடி நீரிலும் அது கலக்கிறது.

இந்தக் கடைகள் ஊருக்கு வெளியே இருப்பவை அல்ல. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே இருப்பவை. கடைக்கு மேல் மாடியில் குடும்பங்கள் குடியிருக்கும் இடங்களும் உண்டு. மறுபக்கம், கடைக்காரர்களும் பெரிய முதலாளிகள் அல்ல. பலர் கொரியாவில் இருந்து குடியேறி, குடும்பமே சேர்ந்து உழைக்கும் சிறு வியாபாரிகள். இயந்திரத்தை வாங்கியது கடனில். அந்தக் கடன் முடியும் முன்பே 'இது கூடாது, வேறு வாங்கு' என்றால் என்ன செய்வார்கள்? ஆனால் மாடியில் இருக்கும் குழந்தை அதுவரை எதைச் சுவாசிக்கும்? இரண்டு பக்கமும் ஏழைபாழைகள்தான். யார் பக்கம் நிற்பது?

மாவட்டம் 1994ல் முதலில் இயந்திரங்களின் கசிவைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. 2002 டிசம்பரில் அடுத்த படி. புதிய கடைகளில் பெர்க் இயந்திரம் வைக்க இனி அனுமதி கிடையாது. பழைய கடைகள் 2020 முடிவதற்குள் முழுக்க விட்டுவிட வேண்டும். கிட்டத்தட்ட 18 ஆண்டு அவகாசம்! இயந்திரம் தேய்ந்து, கடன் அடைந்து, அடுத்தது வாங்கும் நேரத்தில் மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு. முன்கூட்டியே தண்ணீரில் வெளுக்கும் முறைக்கு மாறுபவர்களுக்கு மானியமும் தரப்பட்டது. 2007ல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் இதே போன்ற விதி வந்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பும் டிரை கிளீனிங்கில் பெர்க் பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் நிறுத்தும் விதியை வெளியிட்டது. உள்ளூரில் 2002ல் தொடங்கியது நாட்டு அளவுக்குப் போக 22 ஆண்டுகள் ஆயின.

இதில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. பெர்க்குக்குப் பதிலாகச் சில கடைகள் 1-புரோமோபுரோப்பேன் என்ற வேறொரு திரவத்துக்கு மாறின. பழைய இயந்திரத்திலேயே கொஞ்சம் மாற்றம் செய்து ஓட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. கடைசியில் அதுவும் நச்சு என்று தெரிந்தது. 2022ல் அது நாட்டின் ஆபத்தான காற்று மாசுகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒன்றைத் தடுக்கும்போது அதன் இடத்தில் எது வந்து உட்காரும் என்றும் யோசிக்காவிட்டால், பேயை விரட்டிப் பிசாசை அழைத்த கதைதான்.

டன் கணக்கு போதாது

2016ல் இன்னொரு அதிர்ச்சி. லாஸ் ஏஞ்சலஸ் அருகே பாரமவுண்ட் என்ற சிற்றூரில், உலோகப் பட்டறைகளுக்கு அருகே ஆறு இணைதிறன் குரோமியம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதை மாவட்டத்தின் கருவிகள் காட்டின. இது நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. மின்முலாம் பூசும் தொட்டிகளில் இருந்து இது வருவது முன்பே தெரியும். ஆனால் உலோகத்தைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வேலையில் இருந்தும் வரும் என்பது பலர் எதிர்பாராதது. விதிகள் கவனிக்காமல் விட்ட மூலை அது. முலாம் பூசும் பட்டறைகளுக்கான விதி 2018ல் இறுக்கப்பட்டது.

இந்த நச்சு டன் கணக்கில் வருவதில்லை. மிகச் சொற்ப அளவே போதும், பக்கத்துத் தெருவைப் பாதிக்க. எனவே 'எவ்வளவு' என்ற கேள்வியோடு 'எங்கே, யார் பக்கத்தில்' என்ற கேள்வியும் அனுமதி விதிகளுக்குள் வரவேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் புதிதாக மாசு வெளியிடும் கருவி வைக்க அனுமதி கேட்டால், அந்தப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் இருப்பது இதனால்தான்.

முடியாத கதை

2024 ஜூனில் கட்டடங்களில் உள்ள சிறிய கொதிகலன்கள், பெரிய வெந்நீர்க் கருவிகள் ஆகியவை படிப்படியாகப் புகையே இல்லாத வகைக்கு மாறவேண்டும் என்று மாவட்ட வாரியம் முடிவு செய்தது. அடுத்த படியாக வீடுகளில் உள்ள எரிவாயு வெந்நீர்க் கருவிகளும் அறை சூடாக்கும் கருவிகளும் வந்தன. 2025 ஜூன் 6 அன்று அந்த யோசனை வாக்கெடுப்புக்கு வந்து 7க்கு 5 என்ற கணக்கில் தோற்றது. கருவி மாற்ற ஆகும் செலவை யார் தருவது என்பதே எதிர்த்தவர்களின் முக்கியக் கேள்வி. 1957ல் கொல்லைப்புற அடுப்பை அணைக்கச் சொன்னபோது கேட்ட அதே கேள்வி!

இத்தனை ஆண்டு உழைப்பு வீண் போகவில்லை. 1955ல் பதிவான ஓசோன் அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அந்த ஊர் இப்போது தொடுவதில்லை. மக்கள்தொகையும் வண்டிகளும் பல மடங்கு பெருகிய பிறகும் இது நடந்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனாலும் ஓசோன் விஷயத்தில் நாட்டின் மிக மோசமான பிரிவில்தான் அது இன்னும் இருக்கிறது. பெரியவற்றைக் குறைக்கக் குறைய, மிச்சம் இருப்பதில் சிறியவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

இந்த வரலாற்றில் தோற்ற விதிகளையும் ஜெயித்த விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நிலைத்த விதிகள் எல்லாம் சிறியவரிடம் 'மாறு' என்று மட்டும் சொல்லவில்லை. குப்பை அள்ள வண்டி அனுப்பின, தயாரிப்பாளரைப் பிடித்தன, 18 ஆண்டு அவகாசம் கொடுத்தன, மானியம் தந்தன. மூச்சு விடுபவருக்கும் நியாயம், கடை நடத்துபவருக்கும் நியாயம். அனுமதிச் சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இந்த இரண்டு பேரும் நிற்கிறார்கள். ஒருவரை மறந்து எழுதினால் அந்த விதி நிற்காது.